எத்தனை கரண்டு?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட என் மாமாவுக்கு, இரண்டாம் வருஷம் பி.எஸ்.ஏ. மெல்ல ஏறி மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டது. அது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம்; சுரப்பியையே எடுத்த பிறகு ரத்தத்தில் அது தட்டுப்படவே கூடாது. "கரண்டு வைக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. மாமா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் கூடுதலாவே வச்சிட்டா வேரோட போயிரும்லா, மருமவனே?"

யாருக்கும் வரக்கூடிய ஆசைதான். சுவிட்சர்லாந்து புற்றுநோய் ஆய்வுக் குழு இதையே 350 பேரிடம் சோதித்துப் பார்த்தது. ஒரு பகுதியினருக்கு 64 கிரே கதிர்வீச்சு, மற்றவர்களுக்கு 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). முடிவு 2021இல் வெளியானது. ஆறு வருஷம் கழித்தும் நோய் திரும்பாதவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கு அறுபது பேருக்குச் சற்று மேல், வித்தியாசம் இல்லை. ஆனால் 70 கிரே வாங்கியவர்களுக்கு மலக்குடல் தொல்லை அதிகம்.

காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. சுரப்பி இருந்த இடம் வெறுமனே கிடப்பதில்லை. சிறுநீர்ப்பை கீழிறங்கி அங்கே வந்துவிடுகிறது, மலக்குடல் பின்னால் ஒட்டியிருக்கிறது. அழிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத மிச்சசொச்சச் செல்களை. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் கணக்கு வேறு. தெரியாதபோது ஏற்றிவைக்கும் அளவு பக்கத்து உறுப்புகளைத்தான் பதம் பார்க்கிறது.

எப்போது வைப்பது என்பது இதைவிடப் பெரிய விஷயம். ஆபரேஷன் முடிந்ததுமே எல்லோருக்கும் வைத்துவிடுவதா, பி.எஸ்.ஏ.யைக் கவனித்திருந்து ஏறத் தொடங்கியதும் வைப்பதா? பிரிட்டன், கனடா, டென்மார்க், அயர்லாந்தில் 1,396 பேரை வைத்து நடந்த 'ராடிக்கல்ஸ்' ஆய்வு 2020இல் பதில் சொன்னது: கவனித்திருந்து வைத்தாலும் நோய் கட்டுக்குள் நிற்கிறது, முன்கூட்டியே வைத்தவர்களுக்குச் சிறுநீர்க் கசிவுதான் கூடுதல். காத்திருந்த பலருக்குக் கரண்டே தேவைப்படவில்லை. ஆனால் காத்திருப்பவர் பி.எஸ்.ஏ. பார்க்காமல் இருந்துவிட்டால் எல்லாம் பாழ்.

எங்கள் ஊர்க்காரருக்கு உண்மையான பாரம் நாள் கணக்குதான். தினம் 2 கிரே வீதம் 66 கிரேக்கு 33 சிட்டிங். சனி, ஞாயிறு விடுமுறை. ஆக ஆறரை வாரம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, மதுரை பாலரெங்காபுரம் ஆஸ்பத்திரி, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம் என எங்கே போனாலும் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். சிகிச்சைக்கு மலக்குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை நிரம்பியும் இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கதிர் விழ வேண்டிய இடத்தைக் குறிக்க இடுப்பில் போட்ட மார்க் அழியாமல், பெஞ்சில் முறை வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இருமினாலே கசிகிற மனிதருக்கு இது என்ன பாடு! மெஷினில் படுத்திருப்பது சில நிமிஷம்தான்.

ஆகவே, அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2024இல் வந்தபோது எனக்கு மாமாதான் நினைவுக்கு வந்தார். 37 சிட்டிங்கில் 66.6 கிரே கொடுப்பதற்குப் பதில், தினமும் 2.5 கிரே வீதம் 25 சிட்டிங்கில் 62.5 கிரே கொடுத்தார்கள். முடிக்கும் சமயத்தில் வயிற்றுத் தொந்தரவு சற்றுக் கூடுதல். பிறகு அது சமமாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து இரு தரப்பாருக்கும் தொல்லைகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு மும்பை டாடா மருத்துவமனை 68 கிரேயை 25 நாளில் முடித்துக் காட்டியிருக்கிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது, முடிவு டாக்டருடையது. ஆனால் "25ல முடிக்க வழி உண்டா சார்?" என்று கேட்கத் தயங்கக் கூடாது. கூலி வேலையை விட்டு மகன் கூட வரும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கு நஷ்டம். ரயிலில் போவோர் புற்றுநோயாளி சலுகைக்கான படிவத்தை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு. கரண்டு முடிந்த பின்னும் பி.எஸ்.ஏ. பரிசோதனை தொடரும்; முடிந்தவரை அதே லேபிலேயே பாருங்கள், லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.