கோயில் வேறு, பதிவேடு வேறு



"மிஸ், ஆம்பிளையும் ஆம்பிளையும், பொம்பளையும் பொம்பளையும் கலியாணம் கட்டுறதுக்குப் பிரதேச சபை சட்டம் போடப்போகுதாம். வேணாமுன்னு கையெழுத்துக் கேக்குறாங்க. சாமி காரியமுன்னும் சொல்லுறாங்க. வைக்கலாமா?"

இறக்குவானைப் பகுதித் தோட்டமொன்றில் மகளிர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கொழுந்தெடுக்கும் சகோதரி ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தனர். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது. ஆகவே இம்மாதம் அதனைப் பற்றியே எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பிரதேச சபை நாம் வாக்களித்துத் தெரிவு செய்வது. வீதி, வடிகான், குப்பை, சந்தை, மயானம், நூலகம் ஆகியன அதன் பொறுப்புகள். பிரதேச செயலகம் அரசாங்கத்தின் அலுவலகம். விவாகப் பதிவுக்கு நாம் போவது அங்குள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம். அவர் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குக் கட்டுப்பட்டவர். நமது விவாகங்கள் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நடைபெறுகின்றன. அதனை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உண்டு. எனவே எந்தப் பிரதேச சபையும் இத்தகைய திருமணத்தை அனுமதிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

அப்படியானால் சபைத் தேர்தல் வந்தால் இந்தப் பேச்சு ஏன் வருகிறது? வடிகான் ஏன் வெட்டப்படவில்லை என்று கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். சமயத்தைக் காப்போம் என்று சொல்வதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. நம் தோட்டங்களுக்கோ இது இன்னும் பெரிய இழப்பு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை பணம் செலவிடத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு தாமதமாகக் கிடைத்த இடத்தில் நாம் எதைப் பேசப்போகிறோம் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

இனி, நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் ஒரே பாலினத்தவரின் விவாகம் பதிவு செய்யப்படுவதில்லை. 2022, 2023ஆம் ஆண்டுகளில் நடந்த விவாதமும் திருமணத்தைப் பற்றியதல்ல. சிறைத் தண்டனையைப் பற்றியது. 1883ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகள் இத்தகைய உறவைக் குற்றமாக்கின. ஆரம்பத்தில் 365அ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தில் "ஆண்" என்ற சொல் "ஆள்" என்று மாற்றப்பட்டதால் பெண்களும் அதற்குள் வந்தனர். பலரும் இதனை நமது பழைய பண்பாடு என்று எண்ணுகின்றனர். உண்மையில் இது தேயிலைத் தோட்டத்தைப் போலவே வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போனது.

இந்தத் தண்டனையை நீக்குவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதனை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். பௌத்தத்துக்கு முதன்மை இடமளிக்கும் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 2023 மே 9ஆம் திகதி சபாநாயகர் அதனைப் பாராளுமன்றத்துக்கு அறிவித்தார். ஆயினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும் வரை அது நிறைவேற்றப்படவில்லை. ஆகவே, கையெழுத்துக் கேட்டு வருபவர் "திருமணச் சட்டம் வருகிறது" என்று சொன்னால், "எந்தச் சட்டம்? அதன் பெயர் என்ன? எங்கே வருகிறது?" என்று கேளுங்கள். வாசிக்காத காகிதத்தில் கையொப்பமிடக் கூடாது என்பதை நுண்கடன் விடயத்திலேயே நாம் பட்டறிந்துள்ளோம்.

சமயம் இதனை ஏற்கிறதா என்பது அடுத்த கேள்வி. எனது அவதானிப்பில், சமயம் ஒரே குரலில் பேசுவதில்லை. தாய்லாந்து நம் நாட்டைப் போலவே தேரவாத பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. அங்கே 2025 ஜனவரி 23ஆம் திகதி முதல் ஒரே பாலினத்தவர் விவாகத்தைப் பதிவு செய்யலாம். கத்தோலிக்க திருச்சபை, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற போதனையை விட்டுவிடவில்லை. ஆனால் அத்தகையவராக இருப்பது குற்றமல்ல என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2023 ஜனவரியில் கூறினார். இந்தியாவில் 2023 ஒக்டோபர் 17ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இத்திருமணங்களுக்கு அங்கீகாரம் வழங்க மறுத்தது. ஜமியத் உலமா-இ-ஹிந்த் போன்ற சமய அமைப்புகள் அவ்வழக்கில் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. அங்கேயும் அது பாராளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விடயம் என்றே கூறப்பட்டது.

ஓர் உள்ளூராட்சி அலுவலகம் இந்தப் பிரச்சினையை நேரடியாகச் சந்தித்த இடம் நேபாளம். நீண்ட காலம் இந்து மன்னராட்சியாக இருந்த நாடு அது. நம்மைப் போலன்றி அங்கே உள்ளூர்ச் சபையின் வட்டார அலுவலகமே விவாகத்தைப் பதிவு செய்கிறது. பிறப்பில் ஆணென்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழும் ஒருவரும் அவரது கணவரும் 2017ஆம் ஆண்டில் கோயிலில் இந்து முறைப்படி திருமணம் செய்துகொண்டனர். கோயிலில் நடந்தது, பதிவேட்டில் ஏறவில்லை. 2023 ஜூனில் நேபாள உயர்நீதிமன்றம் தற்காலிகப் பதிவுக்கு இடமளித்து இடைக்கால உத்தரவு வழங்கியது. அதற்குப் பிறகும் கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. இறுதியில் அவ்வாண்டு நவம்பர் 29ஆம் திகதி லம்ஜுங் மாவட்டத்தின் டோர்டி கிராமிய நகராட்சி அதனைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலும் இதையொத்த சம்பவம் நடந்தது. 2018ஆம் ஆண்டில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் மணம் முடித்தனர். பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்யுமாறு உத்தரவிட்டது.

இவ்விரண்டு இடங்களிலும் கோயில் வாசல் திறந்தது, பதிவேடுதான் மூடியிருந்தது. இதை ஏன் உங்களுக்கு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பதிவேட்டில் பெயரில்லாத உறவு என்ன பாடுபடும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்?

1981 ஓகஸ்டிலும் 1983 ஜூலையிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போன குடும்பங்கள் எத்தனை! மாரியம்மன் சந்நிதியில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே வாழ்ந்தவர்கள் பலர். போரில் கணவன் இறந்தபோது அல்லது காணாமற்போனபோது, "நீ மனைவி என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். ஊரறிய வாழ்ந்த வாழ்க்கையைச் சட்டம் ஏற்க இடமுண்டு என்றாலும், அதை நிரூபிப்பதற்குள் நட்டஈடும் சேமலாப நிதியும் கைக்கெட்டாமல் போனவர்களை நான் அறிவேன். சமயத்தின் பெயரால் விதவையை மணவறைக்கு அருகில் வரவிடாமல் நிறுத்தியதும் நமக்குத் தெரியும். அதைச் செய்தது அம்மன் அல்ல, நமது அயலவர்கள்.

எனக்குத் தெரிந்த இரு பெண்கள் உள்ளனர். ஒரே தோட்டத்தில் பிறந்து, ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், பல வருடங்களாக ஒரே அறையில் ஒரே குடும்பமாக வாழ்பவர்கள். இருவருடைய சம்பளத்திலும்தான் ஒருத்தியின் தாய்க்கு மருந்து வாங்கப்படுகிறது. ஒருத்திக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது மற்றவளை வாட்டுக்கு வெளியே நிறுத்தி, "நீங்கள் யார்? சொந்தக்காரர் யாராவது வரச் சொல்லுங்கள்" என்றார்கள். அவள் வாங்கில் இருந்து இரவு முழுவதும் அழுதாள். அந்த அழுகை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. முகாம் வாசலில் பட்டியலில் பெயரில்லாமல் நின்ற பெண்களின் அழுகை அது.

இத்திருமணத்தை உங்கள் சமயம் ஏற்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. எந்தக் கோயிலும் பள்ளியும் தேவாலயமும் விகாரையும் தன் சடங்கைத் தானே தீர்மானிக்கலாம். அரசாங்கத்தின் பதிவேடும் சிறைச்சாலையும் எல்லோருக்கும் பொதுவானவை. அங்கே ஒரு சமயத்தவரின் நம்பிக்கையை வைத்து மற்றவரை வெளியே தள்ளினால், நாளை சிறுபான்மையினராகிய நம்மையும் தள்ளலாம். முன்பு தள்ளியும் இருக்கிறார்கள். ஆகவே, ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் லயத்தை விட்டு விரட்டவும் கேட்கும் கையெழுத்தை வைக்காதீர்கள் என்பதே எனது பதில்.

உங்கள் வீட்டில் மகனோ மகளோ இப்படியொரு மனத்தோடு இருப்பதாக அறிந்தால், அடிக்காதீர்கள், பேயோட்டாதீர்கள், அவசரத் திருமணம் செய்துவைக்காதீர்கள். அந்தத் திருமணத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் சேர்ந்தே கெடும். முதலில் பேச விடுங்கள்.

உங்கள் சபை உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது சமயத்தை எப்படிக் காப்பார் என்று கேட்க வேண்டாம். அதைக் காக்க நீங்கள் இருக்கிறீர்கள். லயத்துக்குப் பின்னாலுள்ள வடிகான், மழைக்காலத்தில் வழுக்கும் பாதை, மயானத்துக்குப் போகும் வழி ஆகியவற்றைக் கேளுங்கள். தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழும் சகோதரிகள் அடையாள அட்டையையும் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கணவரோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். நாள் கடந்துவிட்டது என்று கூச்சப்படாதீர்கள். பேரப்பிள்ளை கண்ட பிறகு பதிவு செய்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.