தேர்வு யாருடையது?

2025 ஏப்ரலில் ‘நோ மெர்சி’ என்ற கணினி விளையாட்டு, ஸ்டீம் இணையச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பெண்களை வன்புணர்வதையே கதையாக்கிய அந்தச் சரக்குக்கு எதிராக எழுந்த கண்டனமே அதற்குக் காரணம். ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ‘கலெக்டிவ் ஷவுட்’ அமைப்பு, பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. அந்நிறுவனங்களின் நெருக்குதலைத் தொடர்ந்து ஸ்டீம் பல விளையாட்டுகளை நீக்கியது, இட்ச்.ஐஓ தளமோ வயதுவந்தோருக்கான ஆக்கங்கள் அனைத்தையும் தேடலிலிருந்தே மறைத்தது. கருத்துச் சுதந்திரமா, பெண்களின் பாதுகாப்பா என்று விவாதம் சூடுபிடித்தது. அந்த இரைச்சலில் இரண்டு கேள்விகள் அமுங்கிப்போயின: விளையாட்டுக்குள் தேர்வு யாருடையது? வெளியே முடிவு யாருடையது?

ஜப்பானில் வளர்ந்த ‘விஷுவல் நாவல்’ என்ற வடிவம் படங்களாலும் உரையாடலாலும் நகர்வது. திருப்பங்களில் சில பதில்களுள் ஒன்றை ஆடுபவர் தேர்ந்தெடுக்கிறார். காதல், காமக் கதைகள் பலவற்றில் சரியான பதிலுக்கு அன்புப் புள்ளி கூடுகிறது; போதிய புள்ளி சேர்ந்தால் கதாநாயகி இணங்குகிறாள். அவள் மறுத்தால் அது மறுப்பாகக் கருதப்படுவதில்லை; ஆடுபவரின் பிழையாகவே கருதப்படுகிறது. சேமித்த இடத்துக்குத் திரும்பி வேறு பதிலை அழுத்தினால் போதும். அவளுடைய அச்சமும் தயக்கமும் பழைய காயங்களும் திறக்கப்பட வேண்டிய பூட்டுகளாகச் சுருங்கிவிடுகின்றன. பெண்ணின் மனத்துக்கும் விலை குறிக்கும் பண்ட உறவு இது. தேர்வுச் சுதந்திரம் முழுவதும் வாங்குபவருக்கே.

இதற்கு வடிவத்தைக் குற்றம் சொல்ல முடியாது. 2017இல் வெளிவந்த ‘டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்’ காமக் கதை அன்று. ஆனால் இதே கணக்கை அது உடைத்துக் காட்டியது. மனச்சோர்வில் உழலும் பெண்ணிடம் காதலைச் சொன்னாலும் நட்பைச் சொன்னாலும் அவளைக் காப்பாற்ற முடிவதில்லை. அவள் மாண்டபின், சேமித்த இடத்துக்குத் திரும்பும் வழியும் அடைபடுகிறது. அவள் மனம் ஆடுபவரின் உடைமையன்று என்பதை அங்கே அவர் உணர நேர்கிறது.

வன்புணர்வைக் கொண்டாடும் சரக்கு சந்தையிலிருந்து அகல்வதில் வருந்த ஏதுமில்லை. ஆனால் இட்ச்.ஐஓவின் ஒட்டுமொத்த நடவடிக்கையில், மாற்றுப் பாலினத்தவரின் ஆக்கங்களும் சிறு படைப்பாளிகளின் ஆக்கங்களும் சேர்ந்தே மறைந்தன. கொடுமையைக் கொண்டாடும் படைப்புக்கும் அதைக் கேள்விக்குள்ளாக்கும் படைப்புக்கும் உள்ள வேறுபாட்டை நிதி மூலதனம் அறியாது. தன் வணிகத்துக்கு நேரும் இடர்ப்பாட்டை மட்டுமே அது அளக்கும். 2010இல் அமெரிக்க அரசின் இரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்குச் சென்ற நன்கொடைகளை விசாவும் மாஸ்டர்கார்டும் தடுத்ததை முற்போக்காளர்கள் மறந்துவிடலாகாது. இன்று ஆபாசத்தின் பெயரால் வலுப்பெறும் அதே கை, நாளை வேலைநிறுத்த நிதியையும் தடுக்கக்கூடும்.

எது குற்றம் என்பதைப் பெண்கள் அமைப்புகளும் படைப்பாளிகளும் பங்கேற்கும் திறந்த விவாதத்தின் வழியே, மக்களுக்குப் பதில் சொல்லும் சட்டம் வரையறுக்க வேண்டும். அந்த அதிகாரத்தைக் கடன் அட்டை ஏகபோகங்களிடம் ஒப்படைப்பது பெண் விடுதலைக்கு உதவாது. பெண்ணின் மறுப்பைப் பிழையாக எண்ணும் ஆணாதிக்கக் கண்ணோட்டத்துக்கு எதிரான பண்பாட்டுப் போராட்டமும் எந்தத் தடையோடும் முடிந்துவிடாது.