உதவித் தொகைப் பட்டியல் ஊரறிய வாசிக்கப்படல் வேண்டும்

சென்ற மாதம் விதை நெல் விஷயமாகச் சிறுசேரிக்குச் சென்றிருந்தபோது, ஏரிக்கரையில் ஒரு வயோதிகக் குடியானவர் என்னை நிறுத்தி, "ஐயா, நம் ஊரில் சர்க்கார் பணம் யார் யாருக்கு வருகிறது?" என்று வினவினார். தம் ஊர்ச் சங்கதியை அவர் வெளியூரானாகிய என்னிடம் கேட்க நேர்ந்ததே எனக்கு வருத்தமளித்தது.

2019-ம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி கிஸான் சம்மான் நிதியின்படி, நிலமுள்ள குடும்பத்திற்கு வருஷத்திற்கு ரூ. 6,000, மூன்று தவணைகளில் பாங்கிக் கணக்கில் சேருகிறது. வருமான வரி செலுத்துவோர் முதலியோர் இதற்கு உரியவரல்லர். 2020-ம் வருஷத்திலோ, நமது செங்கற்பட்டு உள்ளிட்ட பல ஜில்லாக்களில் தகுதியற்றோர் பெயர்கள் லட்சக்கணக்கில் பதிவாயின. அதிகாரிகளின் கடவுச்சொல்லை அயலார் கையாண்டே இம்மோசடி நிகழ்ந்தது. முறைகேடான தொகை ரூ. 110 கோடிக்கு மேலென அவ்வருஷம் செப்டம்பரில் இலாகாவே அறிவித்தது. நம் இலாகா ஊழியர் சிலரும் வேலை இழந்தனர், அதை மறைப்பதற்கில்லை. அப்பட்டியல் அந்தந்த ஊரில் அப்போதே வாசிக்கப்பட்டிருப்பின், உழாதவன் பெயரை ஊரார் அன்றைக்கே சுட்டியிருப்பர்.

இது நமக்குப் புதிய வழக்கமன்று. ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் வருஷந்தோறும் பார்வையிடப்படுகின்றன. அருகிலுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரை மீண்டும் தேர்தலுக்கு உரியவரல்லர் என விலக்கியுள்ளது. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவும், மானியம் பெறுவோர் விவரத்தைக் கேளாமலே வெளியிடும்படி விதிக்கிறது. கிராமவாரிப் பட்டியலை இணையதளத்தில் காணும் வசதியும் ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் ஏரிக்கரைப் பெரியவருக்கு அது எட்டவில்லை.

பெயரை வெளியிடுவது கௌரவக் குறைவென்று சில மிராசுதாரர்கள் கருதுவர். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஐரோப்பாவிலும் இவ்வாட்சேபம் எழுந்து, 2010-ம் வருஷத்தில் உயர் நீதிமன்றம் தனி நபர் பெயர்களின் பிரசுரத்தைச் செல்லாதென்றது. பின்னர் 2013-ல், சிறு தொகை பெறுவோரை விலக்கி, மற்றவர் பெயர்களை வெளியிடச் சட்டமியற்றினர். நம் ஊரில் பாங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் எவருக்கும் வேண்டியதில்லை. பெயர், நிலத்தின் விஸ்தீரணம், தொகை ஆகிய மூன்றுமே போதும். முறைப்படி பெறுபவர் இதனால் இழப்பது ஒன்றுமில்லை. ஊரார் சந்தேகத்தினின்றும் அவர் விடுபடுவார்.

ஆகவே, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் இப்பட்டியல் உரக்க வாசிக்கப்படல் வேண்டும். ஆட்சேபங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த சபைக்குள் பதில் சொல்லல் வேண்டும். சொட்டு நீர்ப் பாசனத்திற்கும் யந்திரங்களுக்கும் நம் இலாகா வழங்கும் மானியங்களும் இதில் அடங்குக. அவற்றில் தொகை பெரிது, பெறுவோர் சிலரே.

இன்னொரு பயனும் உண்டு. பட்டா நகரவாசி பெயரிலும் மேழி குத்தகைதாரர் கையிலும் இருக்குமிடத்தில், உழுபவருக்கு இத்தொகை கிடைப்பதில்லை. பட்டியலை வாசிக்கும்போது அதில் இல்லாத பெயரும் ஊருக்குத் தெரியவரும். கிராம அதிகாரிகள் வருகிற சபையிலேயே இதனைத் தொடங்குவார்களாக.