ஜேம்ஸுக்கு என்ன ஆச்சு? ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ பார்த்தவர்கள் இன்னும் சண்டை போடுவது ஏன்?

படம் முடியும். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பிக்கும்போதே கை போனைத் தேடும். ‘கிளைமாக்ஸ் விளக்கம்’ என்று டைப் பண்ணுவோம். பத்து வீடியோ வரும், பத்தும் பத்து விதமாகச் சொல்லும்.

மம்மூட்டி நடித்து லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ அப்படி ஒரு படம். ‘மாஸ்டர்பீஸ்’ என்று ஒரு கூட்டம், ‘தலையும் புரியல வாலும் புரியல’ என்று இன்னொரு கூட்டம். இந்தச் சண்டை ஏன்? கேமராமேன் தேனி ஈஸ்வர் தன் பெயரிலேயே சுமக்கும் தேனியிலிருந்து பார்த்தால் இந்தப் படம் ஏன் வேறு மாதிரி தெரிகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

(படத்தின் முடிவு உட்பட கதை முழுக்க இதில் இருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.)

கதை என்ன?

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஒரு மலையாளக் கூட்டம் பஸ்ஸில் ஊர் திரும்புகிறது. கூட்டத்தின் தலைவர் ஜேம்ஸ், நாடகக் குழு நடத்துபவர். தமிழ்நாட்டுச் சாப்பாடும் பிடிக்காது, தமிழ்ப் பாட்டும் பிடிக்காது. மதியச் சாப்பாடு முடிந்து பஸ்ஸே தூங்குகிறது. திடீரென விழிக்கும் ஜேம்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டுக்குள் நடக்கிறார்.

ஏதோ ஒரு தமிழ்க் கிராமம். பழகின மாதிரி ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். லுங்கியைக் கட்டிக்கொள்கிறார். சுத்தமான தமிழ் பேசுகிறார். கேட்டால், ‘நான் சுந்தரம்’ என்கிறார். சுந்தரம், அந்த வீட்டிலிருந்து 2 ஆண்டுக்கு முன் காணாமல் போனவர். மறுநாள் மதியம் இன்னொரு தூக்கம். எழுந்தால் மறுபடி ஜேம்ஸ். பஸ் கிளம்பிவிடுகிறது. காரணம் என்ன என்று படம் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள சர்வதேச திரைப்பட விழாவில் பார்வையாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. 2023 ஜனவரியில் தியேட்டர், பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ். அதே ஆண்டு கேரள அரசின் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகளும் வந்தன. இவ்வளவுக்குப் பிறகும் ‘புரியல’ என்ற குரல் ஓயவில்லை.

பார்த்தவர்கள் சொல்லும் 3 விளக்கங்கள்

1. ஆவி புகுந்துவிட்டது

நம்ம ஊர்ப்பக்கம் முதலில் வரும் பதில் இதுதான். ‘உச்சி வேளையில் தனியா போகாதே, புளிய மரத்தடியில் நிற்காதே’ என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ‘நண்பகல் நேரம்’ என்ற தலைப்பே பாதி பதில். ஜேம்ஸுக்கு அந்த ஊர்த் தெருவெல்லாம் தெரிகிறது. வீட்டில் எது எங்கே இருக்கும் என்றும் தெரிகிறது.

இடிக்கும் இடம்: சுந்தரம் செத்துவிட்டார் என்று படத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆள் காணோம், அவ்வளவுதான். உயிரோடு இருக்கலாம் என்றால் ஆவி ஏது?

2. மனசு சம்பந்தப்பட்ட பிரச்னை

சிலர் தன் பெயர், ஊர், குடும்பம் எல்லாவற்றையும் மறந்து வேறொரு ஆளாகவே கொஞ்ச காலம் நடமாடுவது மனநல மருத்துவத்தில் அறியப்பட்ட ஒன்று. ஜேம்ஸ் நாடகக்காரர், இன்னொருவராக மாறுவது அவர் தொழில். இந்த விளக்கத்துக்கு இதுவும் பலம் சேர்க்கிறது.

இடிக்கும் இடம்: முன்பின் பார்க்காத ஊரின் விவரங்கள் மனநோயால் எப்படித் தெரியவரும்?

3. எல்லாமே கனவு, அல்லது ஒரு நாடகம்

படத்தின் தொடக்கத்திலேயே தூக்கத்தையும் சாவையும் ஒப்பிடும் திருக்குறள் வருகிறது. கதை ஆரம்பிப்பதும் முடிவதும் மதியத் தூக்கத்தில்தான். போதாததற்கு ஒரு நாடகக் குழு வேறு. ‘இது ஜேம்ஸ் கண்ட கனவு’ என்பவர்கள் கையில் இவ்வளவு தடயம் இருக்கிறது.

இடிக்கும் இடம்: ஜேம்ஸ் பக்கத்திலேயே இல்லாத காட்சிகளும் படத்தில் இருக்கின்றன. சுந்தரத்தின் வீட்டார் தங்களுக்குள் தவிக்கிறார்கள், பஸ்ஸில் வந்தவர்கள் கூடிப் பேசுகிறார்கள். அதெல்லாம் யார் கண்ட கனவு?

ஆக, மூன்று சாவியும் பூட்டுக்குள் நுழைகிறது, ஒன்றும் முழுசாகத் திரும்பவில்லை.

அப்போ ‘புரியல’ன்னு சொல்றது தப்பா?

இல்லை. மர்மக் கதைக்கும் பார்ப்பவருக்கும் நடுவே எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: ‘நான் முடிச்சுப் போடுறேன், கடைசியில் நானே அவிழ்ப்பேன்.’ தமிழ் ரசிகர்களுக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியதில் தேனிக்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா, ‘16 வயதினிலே’ (1977), ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) என்று வரிசையாகக் கிராமத்துப் படம் கொடுத்துவிட்டு, 1978 கடைசியில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ என்ற சைக்கோ த்ரில்லரை இறக்கினார். இசை பண்ணைப்புரத்து இளையராஜா. கமல்ஹாசனின் பாத்திரம் ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஃபிளாஷ்பேக்கில் தெளிவான காரணம் இருக்கும். பயந்து போய் வந்தாலும், பதிலோடு வீடு திரும்பலாம்.

2022-ல் வந்த ‘குதிரைவால்’ அந்த ஒப்பந்தத்தை மீறிய தமிழ்ப் படம். காலையில் எழுந்தால் கலையரசனுக்குக் குதிரை வால் முளைத்திருக்கும். ஏன் என்று அவரோடு சேர்ந்து நாமும் தேடுவோம். அந்தப் படத்துக்கும் இதேபோல இரண்டு கட்சி.

வெளிநாட்டிலும் இந்தப் பஞ்சாயத்து உண்டு. 1990-ல் அமெரிக்க டிவியில் வந்த டேவிட் லிஞ்சின் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரில் ‘லாரா பால்மரைக் கொன்றது யார்’ என்று ஊரே கேட்டது. சேனல் நெருக்கியதால் இரண்டாவது சீசனில் பதிலைச் சொன்னார்கள். அதன்பிறகு பார்ப்பவர்கள் குறைந்து, 1991-ல் தொடரே நின்றது. பதில் கேட்டதும் ரசிகர்கள்தான், கிடைத்ததும் எழுந்து போனதும் ரசிகர்கள்தான்.

தேனியிலிருந்து பார்த்தால்...

படம் எடுத்தது பழனி பக்கம். ஆனால் கதை கம்பம் பள்ளத்தாக்குக்கு ரொம்பப் பக்கம். இங்கே மலை ஏறினால் மொழி மாறிவிடும். கம்பத்திலிருந்து குமுளி, போடியிலிருந்து போடிமெட்டு. விடியக்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய், பகல் முழுக்க மலையாளத்தில் பேசிவிட்டு, சாயங்காலம் தமிழுக்கு இறங்கி வருபவர்கள் எத்தனையோ பேர். ஒரே உடம்புக்குள் இரண்டு மொழி இருப்பது இவர்களுக்கு அதிசயம் இல்லை.

அதே பாதையில் 2011 டிசம்பரில் நிலைமை தலைகீழானது. முல்லைப் பெரியாறு அணைப் பிரச்னையில் பதற்றம் வெடித்தது. கம்பம் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லையை நோக்கித் திரண்டார்கள். குமுளி வழிப் போக்குவரத்து முடங்கியது. தோட்ட வேலைக்குப் போயிருந்த தமிழர்கள் அவசரமாக இறங்கி வந்தார்கள். பழகின முகங்களே ‘அந்தப் பக்கத்து ஆள்’ ஆன நாட்கள் அவை.

இந்த ஞாபகத்தோடு படம் பாருங்க. அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் உங்க வீட்டுக்குள் வந்து, ‘நான் உங்க வீட்டுப் பிள்ளை’ என்கிறார். என்ன பண்ணுவீங்க? அடிச்சுத் துரத்துவீங்களா, சோறு போடுவீங்களா? படத்தில் ஊர் குழம்புகிறது, கோபப்படுகிறது. ஆனாலும் ஒரு ராத்திரி அவரை ஊருக்குள் தங்கவிடுகிறது. கண் தெரியாத அம்மாவோ அவரை மகனாகவே ஏற்றுக்கொள்கிறார்.

எல்லோரும் கேட்க மறந்த கேள்வி

எல்லா விளக்க வீடியோவும் ‘ஜேம்ஸுக்கு என்ன ஆச்சு’ என்றுதான் கேட்கிறது. ஆனால் ஜேம்ஸுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் தாமதமாக வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

நிஜமாகக் காணாமல் போனது சுந்தரம். அந்த கேஸைத்தான் யாரும் துப்பறியவில்லை, படம் பார்த்த நாமும் உட்பட.

ரம்யா பாண்டியன் நடித்த பூங்குழலியை நினைத்துப் பாருங்க. புருஷன் காணாமல் போய் 2 வருஷம். தாலி இருக்கிறது, ஆள் இல்லை. நம்ம நாட்டுச் சட்டப்படி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே 7 ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லாமல் போனால்தான் ஒருவர் இறந்துவிட்டதாகக் கருத முடியும். அதுவரை அவர் மனைவியா, விதவையா? சொத்துப் பேப்பரில் யார் கையெழுத்து? சாங்கியம் செய்யலாமா, கூடாதா? மலை ஏறி வேலைக்குப் போனவர் வந்து சேரும் வரை வாசலைப் பார்த்தே பழகின ஊர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி ஒரு வீட்டுக்கு, சுந்தரத்தின் குரலும் நடையும் ஒரு நாள் திரும்பி வந்து, மறுநாள் பஸ் ஏறிப் போகிறது. படம் பதில் சொல்லாமல் முடிவது இதனால்தான் நியாயமாகப் படுகிறது. அந்தக் குடும்பத்துக்கே கிடைக்காத பதில், சீட்டில் சாய்ந்து படம் பார்க்கும் நமக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?

மறுபடியும் பார்க்கப் போறீங்களா?

* டப்பிங் வேண்டாம். ஜேம்ஸ் எந்த நேரத்தில் மலையாளம், எந்த நேரத்தில் தமிழ் என்பதுதான் முதல் தடயம். ஒரே மொழியாக்கினால் அது காணாமல் போய்விடும்.

* ஹெட்போன் போடுங்க. வழக்கமான பின்னணி இசைக்குப் பதிலாக, ஊருக்குள் ஓடும் பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும்தான் காட்சிகளுக்குக் கருத்துச் சொல்கின்றன. போன் ஸ்பீக்கரில் பாதி காதில் விழாது.

* ஃபார்வர்டு பண்ணாதீங்க. ‘கேமரா அசையவே மாட்டேங்குது’ என்பது பலரின் புகார். தேனி ஈஸ்வரின் ஃபிரேம்களில் ஓரத்தில் நிற்கும் முகங்களைப் பாருங்க. கதை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

* இந்த முறை ஜேம்ஸை விட்டுவிட்டுப் பூங்குழலியை மட்டும் பின்தொடருங்க.

அப்படிப் பார்த்த பிறகும் படம் பிடிக்கவில்லை என்றால், அது உங்கள் ரசனை, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சுந்தரம் எங்கே போயிருப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்கள் என்றால், அந்த ஊர் 2 வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு நீங்களும் வந்து சேர்ந்துவிட்டீர்கள்.