கால் சுற்று போதும்



கடந்த பள்ளி விடுமுறையில் என் மகன் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். படிவம் நான்கில் பயிலும் அவன், இரண்டு ஆண்டுகளாகத் தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தான். விலை 280 ரிங்கிட். வீட்டில் வாசித்துப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. தந்திகள் விரற்பலகையை விட்டு மிக உயரத்தில் நின்றன. அழுத்தி அழுத்தி அவன் விரல் நுனிகள் சிவந்துவிட்டன.

ஒரு கடையில் காட்டினோம். "கழுத்து வளைந்துவிட்டது. இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார் கடைக்காரர். நானும் என் பங்கிற்கு, "பார்த்து வாங்கியிருக்க வேண்டாமா?" என்று கடிந்துகொண்டேன். மகன் எதுவும் பேசாமல் கிட்டாரை உறையில் இட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

குறையைக் கண்டதும் 'தூக்கிப் போடு' என்பது பெரியவர்களாகிய நமக்கு எளிதாக வருகிறது. குறை என்ன, எவ்வளவு என்று அளந்து பார்ப்பதுதான் வருவதில்லை. அன்று நானும் அளக்காமலேயே தீர்ப்புச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மகனே படித்துத் தெரிந்துகொண்டு வந்து எனக்கு விளக்கினான். பேஸ் கிட்டாரின் நான்கு தடித்த தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் கழுத்தை இழுக்கின்றன. மரம் வில்லைப் போல் முன்னோக்கி வளைவது இயல்பே. அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்தினுள் 'டிரஸ் ராட்' என்னும் எஃகுக் கம்பி பதிக்கப்பட்டிருக்கிறது. வேண்டியபோது முடுக்கவும் தளர்த்தவும் கூடிய கம்பியைக் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ என்பவர் 1920களில் உருவாக்கினார். கழுத்து வளையும் என்று தெரிந்தே, அதைத் திருத்தும் வழியையும் உள்ளேயே வைத்துவிட்டார்கள். நம் நாட்டைப் போல் காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் இத்திருத்தம் அவ்வப்போது தேவைப்படும்.

அளக்கும் முறையும் எளிது. தந்திகளைச் சரியான சுருதியில் வைத்து, ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (வீணையில் இதை மெட்டு என்போம்) கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இறுகிய தந்தியே அடிக்கோலாகிவிடும். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட்டுகளுக்கு மேல், தந்திக்குக் கீழே ஒரு பெயரட்டை நுழையும் அளவு இடைவெளி, அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், இருந்தால் போதும். எங்கள் கிட்டாரில் மூன்று அட்டைகள் நுழைந்தன. குறை அவ்வளவே.

அடுத்துத் தவறு செய்தவன் நான். ஆலன் கீயை வாங்கி வலப்புறமாக ஒரே மூச்சில் அரைச் சுற்றுக்கு மேல் முடுக்கினேன். "அப்பா, போதும். கால் சுற்றுக்கு மேல் கூடாது!" என்று மகன் தடுத்தான். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கழுத்து பின்னோக்கி வளைந்திருந்தது. முதல் மூன்று ஃபிரெட்டுகளிலும் தந்தி உரசி 'ஜர்ர்' என்று இரைந்தது. மகன் கருவியை வாங்கிக் கால் சுற்று தளர்த்தி, சுருதி சேர்த்து, ஒரு நாள் அப்படியே விட்டான். பிறகு அளந்து, மேலும் சிறிது தளர்த்தினான். மூன்றாம் நாள் ஓர் அட்டை நுழைந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் அறிந்தேன். கழுத்து முற்றிலும் நேராக இருக்கக்கூடாதாம். அதிரும் தந்திக்கு இடம் வேண்டும். அதற்காகச் சிறு வளைவை விட்டுவைப்பதே சரியான திருத்தம்.

இதை எழுதுவதற்குக் காரணம் என் வகுப்பில் நடந்த ஒன்று. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ல, ள, ழ மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவான். ஒவ்வொரு கட்டுரையிலும் எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். கடமையைச் செய்வதாகவே எண்ணினேன். அவன் கட்டுரைகள் வாரந்தோறும் குறுகின. எழுதாத சொல்லில் பிழை வராது என்பதைக் கண்டுகொண்டான். நானும் அரைச் சுற்று முடுக்கியிருக்கிறேன். இப்போது ஒரு வாரத்திற்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துகிறேன். அவன் மீண்டும் ஒரு பக்கம் எழுதுகிறான். 'ழ' இன்னும் தவறுகிறது, காத்திருக்கலாம்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. நம் அவசரம் மட்டும் நீங்கவில்லை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று அஞ்சி, ஐந்தாம் வயதிலேயே முழுச் சுற்றும் முடுக்கப் பார்க்கிறோம்.

எல்லாக் குறையும் கால் சுற்றில் தீரும் என்று சொல்லவில்லை. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ, திருகு அசைய மறுத்தாலோ வலிந்து திருகக் கூடாது; தேர்ந்த கைவினைஞரிடம் கொண்டுபோக வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையையும் அப்படித்தான் உரியவரிடம் அனுப்ப வேண்டும். அளந்து பார்ப்பவருக்கே இந்த வேறுபாடு தெரியும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கையில் கருவிகளைக் கொடுங்கள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கற்பது வீட்டிலும் பயன்படட்டும். மிதிவண்டியோ மின்விசிறியோ, அருகில் நின்று பாருங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். நான் பிடுங்கியதால் இரண்டு நாள் வீணாயின.

கிட்டார் இப்போது கூடத்துச் சுவரோரம் நிற்கிறது. மாலையில் நான் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும்போது மகன் வாசிக்கிறான். சில நாள்களில் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் வகுப்பறையிலும் வீட்டிலும் எப்படி? எழுதுங்கள்.