இழுக்கும் வண்டியும் இழுபடும் வீடும்

கனடா தேசத்தின் ஒண்டாரியோ மாகாணத்தில் குடியிருக்கும் நமது நேயர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர், அவரது மனைவி, பதினைந்தும் பன்னிரண்டும் வயதான இரண்டு குழந்தைகள் ஆகிய நால்வரும் அடுத்த கோடையில் ஸுபீரியர் ஏரியின் வடகரையைச் சுற்றிவர உத்தேசித்திருக்கிறார்கள். அதற்காகச் சிறிய பைபர்கிளாஸ் டிரெய்லர் ஒன்றை வாங்க விரும்புகிறார். அவரிடம் இருக்கும் மோட்டார் 1,500 ராத்தல் மட்டுமே இழுக்கவல்லது. வியாபாரி ஒருவர், "17 அடி டிரெய்லரை வாங்குங்கள், அதன் எடை 2,400 ராத்தல்தான், 3,500 ராத்தல் இழுக்கும் நடுத்தர மோட்டார் ஒன்று நம்மிடம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறாராம். வேறொரு வியாபாரி, ஏழு வருஷக் கடனில் ஒரு பெரிய பிக்கப் லாரியை வாங்கிவிட்டால் எந்தக் கவலையும் இல்லை என்கிறாராம். "இவ்விருவரில் யார் சொல்வது நியாயம்?" என்பது நேயரின் கேள்வி.

இருவர் சொல்வதும் நியாயமல்ல என்பதே நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். இக்கேள்வி ஒரு குடும்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அதே சாலையில் எதிரே வருகிறவர்களின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில், சிறிய பைபர்கிளாஸ் டிரெய்லரை அவர் தேர்ந்தெடுத்ததை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். சாதாரண டிரெய்லர்கள் மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்துச் செய்யப்படுகின்றன. மூலைக்கு மூலை ஒட்டு. ஒட்டு விட்ட இடமெல்லாம் ஒழுக்கு. பைபர்கிளாஸ் டிரெய்லரோ, கண்ணாடி நாரையும் பிசினையும் அச்சில் படியவைத்து, மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று என்று வார்த்து, இரண்டையும் முட்டை ஓட்டைப்போல் நடுவில் பொருத்திச் செய்யப்படுவது. பெரிய ஒட்டு ஒன்றே ஒன்றுதான். 1968-ம் வருஷத்தில் மானிடோபா மாகாணத்து வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் செய்த 13 அடி 'போலர்' டிரெய்லரே வட அமெரிக்காவில் இவ்வகைக்கு வழிகாட்டி. பௌலர் தொப்பியைப்போல் உருண்டிருந்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. பின்னர் ஒண்டாரியோவில் டிரில்லியமும், மின்னஸோட்டாவின் பாக்கஸ் என்ற சிற்றூரில் ஸ்காம்பும், டெக்ஸஸின் ரைஸ் நகரில் காஸிடாவும், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவாக்கில் எஸ்கேப்பும் தோன்றின. 1970-களில் செய்த போலர்கள் இன்றும் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதைவிட அவற்றின் உறுதிக்கு வேறு நற்சாட்சி வேண்டியதில்லை.

ஆனால், பழையதை வாங்குகிறவர் மேற்கூட்டின் பளபளப்பைக் கண்டு மயங்கிவிடலாகாது. பைபர்கிளாஸ் மக்காது, அதனுள் இருக்கும் தரைப்பலகை மக்கும். அடியிலுள்ள இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். பழைய போலர்களில், கூட்டுக்கு முன்னால் சட்டம் வளையும் இடத்தில் வெடிப்பு விடுவது பலர் கண்ட அனுபவம். ஆகவே, வாங்குமுன் தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்ப்பது அவசியம். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இது நிற்க. விவாதத்துக்குரிய விஷயம் எடை. வியாபாரி சொன்ன 2,400 ராத்தல் என்பது தொழிற்சாலையிலிருந்து வெறுங்கூடாக வெளிவரும்போது உள்ள எடை. அந்த நிலையில் எவரும் பிரயாணம் செய்வதில்லை. குளிர்சாதனம், நிழற்கூரை, பாட்டரி, இரண்டு காஸ் சிலிண்டர்கள் ஆகியவற்றுக்கு 250 ராத்தல் வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் காலன் ஒன்றுக்குத் தண்ணீரின் எடை 8.34 ராத்தல்; 25 காலன் தொட்டி நிரம்பினால் 208 ராத்தல். நால்வருடைய துணிமணி, படுக்கை, பாத்திரம், அரிசி பருப்பு, மடக்கு நாற்காலி எல்லாம் சேர்ந்து 300 ராத்தலுக்குக் குறையா. ஆகமொத்தம் 3,160 ராத்தலுக்குச் சமீபம் வந்துவிடுகிறது. வியாபாரி, "அப்பொழுதும் 3,500-க்குள்தானே இருக்கிறது?" என்று கேட்பார். வாஸ்தவம். ஆனால் அந்த 3,500 என்னும் எண், பார்க்கவேண்டிய இரண்டு எண்களில் ஒன்றுதான்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற வார்த்தைகளின் பொருள் நன்றாகத் தெரியும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு தலை கவிழ்ந்து திணறும். இரண்டும் ஒத்திருக்கும்படி மூட்டையை அடுக்குவதே வண்டிக்காரனுடைய சாமர்த்தியம். மோட்டாரின் பின்னால் கட்டும் டிரெய்லருக்கும் இதே விதிதான். வட அமெரிக்காவில் டிரெய்லரின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை முன்பாரமாக மோட்டாரின் கொக்கியில் இறங்கவேண்டும் என்பது வழக்கம். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். நெளிவு வளர்ந்தால் மோட்டாரையும் இழுத்துக்கொண்டு சாலையைவிட்டுப் போய்விடும்.

நேயருடைய கணக்கில், 3,160 ராத்தலுக்கு முன்பாரம் குறைந்தபட்சம் 316; அதிகபட்சம் 474. இப்பாரம் முழுவதையும் மோட்டார் தன் முதுகில் தாங்கவேண்டும். எவ்வளவு தாங்கும் என்பதை உற்பத்தியாளரே ஓட்டுநர் பக்கத்துக் கதவு நிலையில் ஒரு சீட்டில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று. வியாபாரி காட்டிய நடுத்தர மோட்டாரில் அந்த எண் 850 ராத்தல் என்று நேயர் எழுதியிருக்கிறார். ஓடும் டிரெய்லருக்குள் எவரும் அமரலாகாது என்பது ஒண்டாரியோ சட்டம். ஆகவே நால்வரும் மோட்டாரில்தான் வரவேண்டும். நால்வரின் எடை 520, மோட்டாருக்குள் வைக்கும் சாமான் 100, இரும்புக் கொக்கி 40, ஆக 660. மிஞ்சியிருப்பது 190. வேண்டியதோ 316! இழுக்கும் சக்தி இருக்கிறது. தாங்கும் சக்தி இல்லை. ஏரிக்கரை எவ்வளவு உயர்ந்திருந்தாலும், எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும்.

இந்த முரண்பாடு எப்படி நேர்ந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். இழுவைச் சக்தியை அளக்க அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் 'ஜே 2807' என்று ஒரு விதியை வகுத்திருக்கிறது. அரிஸோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள 11.4 மைல் ஏற்றத்தைச் சோதனைக்கு ஆதாரமாக வைத்து, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் சாதாரண வண்டிகள் ஏறவேண்டும் என்று அது விதிக்கிறது. நல்ல சோதனைதான். ஆனால் அச்சோதனையில் மோட்டாருக்குள் இருப்பவர்கள் ஓட்டுநரும் மற்றொருவரும் மாத்திரமே. ஆளுக்கு 150 ராத்தல். பின் ஆசனத்தில் குழந்தைகள் இல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண், குடும்பமில்லாத வண்டியின் எண் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? மேலும், இவ்விதி உற்பத்தியாளர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடேயன்றி, சட்டத்தின் கட்டாயம் அன்று.

"ஐரோப்பாவில் இதைவிடச் சிறிய மோட்டார்கள் இதைவிடப் பெரிய டிரெய்லர்களை இழுக்கவில்லையா?" என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். இழுக்கின்றன. ஆனால் அங்கே முன்பாரம் 100-க்கு 4 முதல் 7 பங்குதான் வைக்கிறார்கள்; அதற்குத் தக்கபடி டிரெய்லரைச் செய்கிறார்கள்; வேகத்தையும் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். ஜெர்மனியில் இழுவை வண்டிக்குப் பொதுவாக 80 கிலோமீட்டர். விசேஷ அனுமதி பெற்றவற்றுக்கு 100. அவர்களுடைய எண்ணை மட்டும் கடன் வாங்கி அவர்களுடைய கட்டுப்பாட்டை விட்டுவிடுவது, பத்தியத்தை விட்டுவிட்டு மருந்தை மட்டும் சாப்பிடுவதைப் போன்றதாகும்.

அப்படியானால் பெரிய பிக்கப் லாரியே சரியா? அதுவும் இல்லை. வருஷத்தில் மூன்று வாரம் டிரெய்லர் இழுப்பதற்காக மற்ற நாற்பத்தொன்பது வாரமும் ஆபீஸுக்கும் கடைக்கும் ஒரு லாரியை ஓட்டி, ஏழு வருஷம் வட்டி கட்டுவது விவேகமன்று. சிறிய டிரெய்லரின் சிறப்பே அதற்குப் பெரிய லாரி வேண்டாம் என்பதுதான். சிறியதை வாங்கிப் பெரியதில் கட்டினால் சிக்கனத்தின் பயன் எங்கே போயிற்று?

நமது யோசனை இது. முதலில் குடும்பத்துக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று நிர்ணயித்து, டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வளர்ந்த குழந்தைகள் இருவர் இருப்பதால் 13 அடி நெருக்கடியாயிருக்கும்; 16 அல்லது 17 அடியே தகும். 13 அடியை வாங்கினாலும் சாமானும் தண்ணீரும் ஏறியபின் அது 1,500 ராத்தலைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே கையிலுள்ள மோட்டார் எவ்வகையிலும் உதவாது. டிரெய்லரை நிர்ணயித்தபின், சாமான் ஏற்றிய எடையைக் கணக்கிட்டு, அதற்குமேல் நாலில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கும்படியான இழுவைச் சக்தியைத் தேடவேண்டும். நேயர் விஷயத்தில் அது 4,000 ராத்தலுக்குச் சமீபம். மூன்று வரிசை ஆசனமுள்ள ஹோண்டா பைலட் போன்ற மோட்டார்களில் நான்கு சக்கரமும் உந்தும் வகைக்கு 5,000 ராத்தல் குறிக்கப்பட்டிருக்கிறது. ஃபோர்ட் மாவெரிக் என்ற சிறிய பிக்கப் சாதாரணமாக 2,000 ராத்தல்தான் இழுக்கும். தொழிற்சாலையிலேயே இழுவைக்குரிய விசேஷ சாதனங்களைச் சேர்த்து வாங்கினால் 4,000. ஆகவே பெயரைப் பார்த்து வாங்கலாகாது. குறிப்பிட்ட அந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தே வாங்கவேண்டும்.

கடைசியாகவும் முக்கியமாகவும், கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் படிக்கவேண்டும். நேயரின் குடும்பத்துக்கு 1,150 ராத்தலுக்குக் குறைந்த எண் உள்ள வண்டி வேண்டாம். ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகளிலும் இந்த எண் வேறுபடும்; கூரைக் கண்ணாடியும் இதர அலங்காரங்களும் தத்தம் எடையைத் தாங்கும் சக்தியிலிருந்தே கழித்துக்கொள்கின்றன.

பிரேக் விஷயத்தில் ஒரு வார்த்தை. மொத்த எடை 1,360 கிலோகிராமும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குப் பிரேக் வேண்டும் என்பது ஒண்டாரியோ சட்டம். 3,160 ராத்தல் என்பது 1,433 கிலோகிராம். சட்டம் கேட்காத சிறிய டிரெய்லருக்கும் மின்சாரப் பிரேக் பொருத்துவதே நன்று. டிரெய்லர் நெளியத் தொடங்கினால் மோட்டாரின் பிரேக்கை மிதிக்கலாகாது. வேகத்தைத் தளரவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல இயக்கவேண்டும். பிரேக்கே இல்லாதவன் எதை இயக்குவான்? நேயர் போக விரும்பும் 17-ம் நம்பர் நெடுஞ்சாலை, ஸூ ஸெய்ண்ட் மேரி முதல் தண்டர் பே வரை சுமார் 700 கிலோமீட்டர். பெரும்பகுதி போக ஒரு வழி, வர ஒரு வழிதான். ஏற்றமும் இறக்கமும், எதிரே பெரிய லாரிகளும் உண்டு. அங்கே கற்றுக்கொள்ளலாம் என்று இருப்பது ஆபத்து.

சட்டத் தொழிலில் பழகிய நமக்கு, வாங்குகிறவனே ஜாக்கிரதையாயிருக்க வேண்டும் என்ற பழைய கொள்கை தெரியாததல்ல. விற்பவனுக்கும் வாங்குகிறவனுக்கும் மட்டுமே நஷ்டம் வரக்கூடிய இடத்தில் அக்கொள்கை செல்லும். எதிரே வருகிறவன் இவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட்டவனா? அவனுடைய உயிரைப் பணயம் வைக்க இவ்விருவருக்கும் என்ன அதிகாரம்? டிரெய்லரையும் அதை இழுக்கும் மோட்டாரையும் சேர்த்து விற்கும் ஒவ்வொரு வியாபாரியும், டிரெய்லரின் உண்மை எடை, அதன் முன்பாரம், மோட்டார் தாங்கும் பாரம் ஆகிய மூன்று எண்களையும் விற்பனைச் சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று சட்டம் செய்யவேண்டும். கதவு நிலையில் ஏற்கெனவே அச்சிட்டிருப்பதை விலைச்சீட்டிலும் எழுதுவதில் நேர்மையான வியாபாரிக்கு என்ன கஷ்டம்?

சட்டம் வரும்வரை நேயர் காத்திருக்க வேண்டியதில்லை. வியாபாரியிடம் இம்மூன்று எண்களையும் எழுத்தில் கேட்கட்டும். தர மறுப்பவரிடம் வாங்கவேண்டாம். வாங்கியபின், முதல் பிரயாணத்துக்கு முன் எல்லாச் சாமான்களையும் ஏற்றி, நால்வரும் உட்கார்ந்து, லாரிகள் தங்கும் நிலையம் ஒன்றிலுள்ள எடைமேடையில் நிறுத்திப் பார்க்கட்டும். ஆகிற செலவு அற்பம். அந்த மேடை எவருடைய தரகனும் அல்ல. அது சரி என்று சொன்னபின் ஸுபீரியர் ஏரிக்குப் புறப்படட்டும். பிரயாணம் சுகமாயிருக்க நமது வாழ்த்து.