மெட்டு இல்லாத தந்தி

சித்திரவீணை என்று இன்று அழைக்கப்படும் கோட்டு வாத்தியத்தைக் கச்சேரி மேடைகளில் அபூர்வமாகத்தான் கேட்க முடிகிறது. கற்பது கடினம் என்று காரணம் சொல்கிறார்கள். அந்தக் கடினத்துக்காகவே இசைப் பள்ளிகள் அதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம். வீணையில் 24 மெட்டுகள் உண்டு. இரண்டு மெட்டுகளுக்கு நடுவே விரல் சற்று முன்பின் விழுந்தாலும் சுரம் மாறாது. அதிரும் தந்தியின் நீளத்தை மெட்டே நிர்ணயித்துவிடுகிறது. கோட்டு வாத்தியத்தில் அந்தப் பொறுப்பு முழுவதும் இடக்கையில் பிடித்த கட்டையைச் சேர்ந்தது. 80 செ.மீ. நீளத் தந்தியில் முதல் அரைச்சுரத்தின் இடைவெளி ஏறத்தாழ 4.5 செ.மீ.; ஒரு ஸ்தாயி மேலே போனால் அது பாதியாகச் சுருங்கிவிடும். ஆகவே அதே 2 மி.மீ. பிசகு மேலே இருமடங்கு உறுத்தும். இடம் சரியாக இருந்தாலும் கட்டையை அழுத்தினால் சுருதி ஏறும். கை தளர்ந்தால் தந்தி கரகரக்கும்.

வயலினுக்கும் மெட்டு இல்லையே, பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து அது நம்மிடம் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வில், ஒலியை மெல்லத் தொடங்கவும் நடுவில் திருத்திக்கொள்ளவும் இடம் தருகிறது. மீட்டிய தந்தியோ மீட்டிய கணத்தில்தான் மிக உரக்க ஒலிக்கும். பிறகு தேய்ந்துகொண்டே போகும். சுரம் கையில் பிறக்கும் முன்பே காதில் உறுதியாகியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட பயிற்சியை வேறெங்கே பெறுவது? வீணையிலும் கமகம் இல்லையா என்றால், உண்டு, அற்புதமாகவே உண்டு. ஆனால் மெட்டின் மேல் தந்தியை இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும். இழுப்பிலேயே இறங்கி வர வேண்டுமானால் முன்கூட்டி இழுத்து வைத்து, மீட்டி, பின் தளர்த்த வேண்டும். கட்டை மேலும் கீழும் ஒரே இயல்போடு நகர்கிறது. குரல் போவதும் அப்படித்தான். மேலும், அரபு ஊத் வாத்தியத்துக்கும் மெட்டு கிடையாது என்றாலும் விரலின் சதை அதிர்வை உறிஞ்சுவதால் அதன் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். கருங்காலிக் கட்டையின் கடினம் அதிர்வை விழுங்காது. ஒரே மீட்டில் நீண்ட ஜாரு கிடைப்பது அதனால்தான்.

வேகமான சுரக்கோவைகளும் ஜண்டைகளும் இதில் சிரமம் என்பது உண்மை. ஆனால் குற்றம் மெட்டின்மையுடையதன்று. மெட்டில்லாத சரோதில் உலோகத் தகட்டின் மேல் நக நுனியால் தந்தியை அழுத்திப் பறக்கும் தான்களை வாசிக்கிறார்கள். பல விரல்களின் வேலையை ஒரே கட்டை செய்வதுதான் இங்குள்ள தடை. வேகத்தை இழந்து நாதத்தை வாங்கும் இந்தப் பேரத்தை நான் மனமார ஏற்கிறேன். கோட்டு வாத்தியக் கலைஞரான பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்ராவில் பாட்டும் கற்பித்தார். அந்த வழியை இன்று விரிவாக்கலாம். வாய்ப்பாட்டு மாணவர்களுக்கு முதலாண்டிலேயே ஒரு தந்தியும் கட்டையும் கொடுத்து, தம்பூராவோடு சட்ஜ பஞ்சமத்தை அசையாமல் நிறுத்தப் பழக்க வேண்டும். தோடி காந்தாரத்தின் அசைவெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.